வாசகர் கேள்விகள்: மூலைக்கு அந்தப் பக்கம் என்ன?

போன இதழில் பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றி எழுதும்போது, டைனோசர் துரத்தும் ஒரு புதிர்வழி விளையாட்டைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு எல்லோரும் அந்த இரண்டு வரியைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே. வேறு கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவர்களுக்கு நடுவே நாமே நடந்துபோகிற மாதிரி விளையாட்டு என்றால் அது 'டூம்' வந்த பிறகுதானே? அதற்கு முன்னாலேயே இருந்தது என்று எழுதியிருந்தீர்களே? (வாசகர், சேலம்)

இருந்தது. டூம் வந்தது 1993 டிசம்பரில். அதற்கு 20 வருடம் முன்னாலேயே, 1973 வாக்கில், அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் இம்லாக் என்ற கணினியில் 'மேஸ் வார்' எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் அங்கே வேலை பழக வந்திருந்த மாணவர்கள். ஆனால் அந்தக் கணினியை வீட்டில் வைத்துக்கொள்ளும் வசதி யாருக்கும் இருந்திருக்காது.

வீட்டுக் கணினி என்று பார்த்தால் 1978இல் ஆப்பிள் 2 கணினிக்கு சைலஸ் வார்னர் எழுதிய 'எஸ்கேப்' ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. கோடுகளால் ஆன நடைபாதை, வெளியே போக வழி தேட வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்து அசந்துபோன டெக்சாஸ் பையன் ஒருவர், பெயர் ரிச்சர்ட் கேரியட், பள்ளியில் படிக்கும்போதே 'அகலபெத்' என்று ஒன்று எழுதி, விடுமுறையில் வேலை பார்த்த கணினிக் கடையிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார். பின்னாளில் 'அல்டிமா' வரிசையை எழுதியவர் இவர்தான்.

வார்னரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் 1981இல் 'காசில் வுல்ஃபென்ஸ்டீன்' என்று மேலிருந்து பார்க்கிற விளையாட்டு ஒன்றை எழுதினார். 11 வருடம் கழித்து டூம் ஆட்கள் அதன் பெயரை எடுத்து, உள்ளிருந்து பார்க்கிற 'வுல்ஃபென்ஸ்டீன் 3டி' செய்தார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே 1978இல் உள்ளிருந்து பார்க்கிற விளையாட்டு எழுதியவர் என்பது வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

அந்த டைனோசர் விளையாட்டு எது? 16 கே.பி.யில் எப்படி டைனோசரை அடைத்தார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

'3டி மான்ஸ்டர் மேஸ்.' மால்கம் எவன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1981இல் எழுதியது, 1982இல் கேசட்டாக விற்பனைக்கு வந்தது. ஓடியது சின்க்ளேர் இசட்எக்ஸ்81 என்ற கணினியில்.

அந்தக் கணினி எவ்வளவு ஏழை என்று தெரிந்தால்தான் இந்த விளையாட்டின் அருமை புரியும். முழுதாகச் சேர்த்து வாங்கினால் 69.95 பவுண்ட், பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்தால் 49.95. நிறம் கிடையாது. சத்தம் கிடையாது, ஒரு 'பீப்' கூட வராது. விசைப்பலகை என்று தனியாக எதுவும் எழும்பி நிற்காது, வழுவழுப்பான தாளில் கட்டம் அச்சடித்த மாதிரி இருக்கும், விரலால் அழுத்த வேண்டும். நினைவகம் 1 கே.பி., அதாவது 1,024 பைட். திரையில் 32 எழுத்து அகலம், 24 வரி உயரம். அதை முழுக்க நிரப்பினால் 768 பைட் அதற்கே போய்விடும், மிச்சத்தில் என்ன எழுதுவது? அதனால் பின்னால் 16 கே.பி. நினைவகப் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும். இந்த விளையாட்டுக்கும் அந்தப் பெட்டி கட்டாயம். 16 கே.பி. என்றால் எவ்வளவு? உங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் தினமும் வரும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ அதைவிடப் பல மடங்கு பெரியது.

அந்தப் பெட்டியும் இறுக்கமாக உட்காராது. விசையைக் கொஞ்சம் வேகமாக அழுத்தினால் கணினி ஆடும், பெட்டி ஆடும், தொடர்பு ஒரு கணம் விடும், அவ்வளவுதான், எல்லாம் அழிந்து கணினி முதலிலிருந்து தொடங்கும். கேசட்டை மறுபடி சுற்றிச் சில நிமிடம் ஏற்ற வேண்டும். பெட்டி ஆடாமல் இருக்க ஒட்டும் பசை, டேப், ரப்பர் பேண்ட் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள்.

இன்னொரு கொடுமை. திரையில் படத்தைத் தீட்டுகிற வேலையையும் அதே செயலிதான் செய்ய வேண்டும். படம் அணையாமல் தெரிய வேண்டுமென்றால் அதன் நேரத்தில் நான்கில் மூன்று பங்கு அதற்கே போய்விடும். மிச்சமிருக்கிற ஒரு பங்கில் சுவர் கணக்கு, நீங்கள் அழுத்திய விசை, டைனோசர் எங்கே நிற்கிறது, எல்லாம் நடக்க வேண்டும். படம் வரைவதும் புள்ளி புள்ளியாக இல்லை. ஓர் எழுத்தின் இடத்தை நான்காகப் பிரித்து, அதில் எந்தெந்தக் கால்பகுதி கறுப்பு என்று முன்கூட்டியே வைத்திருக்கும் கட்டங்களை அடுக்க வேண்டும். சாம்பல் நிறத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. இந்தக் கட்டங்களிலேயே ஒரு டைரனோசரஸ் ரெக்ஸை, தூரத்தில் சின்னதாக, கிட்டே வரவரப் பெரிதாக, காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கிற மாதிரி வரைந்திருக்கிறார் எவன்ஸ். கடைசிப் படத்தில் திரை முழுக்க வாய்.

என்ன இருந்தாலும் கட்டம் கட்டமான பொம்மை. அதற்குப் போய் பயந்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. (வாசகர், மதுரை)

நானும் நம்பவில்லை, என் அக்கா மகன் லீவுக்கு வரும்வரை. அவனுக்கு 12 வயது. கைபேசியில் நூறு பேரைச் சுட்டுவிட்டு அலட்டாமல் இட்லி சாப்பிடுகிற தலைமுறை. பழைய கணினி மாதிரியே நடிக்கிற எமுலேட்டர் மென்பொருளில் இதைப் போட்டுக் கொடுத்தேன். படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். நடந்தான். கீழே ஒரு வரி: ரெக்ஸ் பதுங்கியிருக்கிறது. சரி என்று மேலே நடந்தான். ரெக்ஸ் உன்னைத் தேடுகிறது. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். காலடி நெருங்குகிறது. பையன் நின்றுவிட்டான். முன்னால் வெறும் நடைபாதை, எந்தப் பக்கம் வருகிறதென்று தெரியாது, திரும்பிப் பார்க்கலாம், ஆனால் திரும்ப மாட்டேன் என்கிறான். விரல் விசைமேல் இருக்கிறது, அழுத்தவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமலேயே மெதுவாகச் சொன்னான்: "மாமா, சவுண்டைக் கொஞ்சம் குறைங்க."

சத்தமே இல்லாத விளையாட்டு அது.

சிறுவர் பத்திரிகைகளில் 'முயல் கேரட்டை அடைய வழி காட்டுங்கள்' என்று ஒரு பக்கம் வருமே, அதுவும் புதிர்வழிதான். அதைப் பார்த்து எந்தக் குழந்தையாவது பயந்ததுண்டா? மேலிருந்து பார்க்கிறோம், முயலும் தெரிகிறது, நரியும் தெரிகிறது. அதே படத்துக்குள் முயலின் கண் உயரத்துக்கு நம்மை இறக்கிவிட்டால் கதை வேறு. அடுத்த மூலை வரைதான் நமக்கு உலகம். எவன்ஸிடம் நிறமும் இல்லை, ஒலியும் இல்லை, எந்நேரமும் டைனோசரைக் காட்டிக்கொண்டிருக்க வேகமும் இல்லை. அதனால் காட்டாமலேயே விட்டார், கீழே ஒரு வரி மட்டும் எழுதினார். இல்லாமையால் வந்த வித்தைதான், ஆனால் வசதி வந்த பிறகு வந்த பல பேய் விளையாட்டுகளுக்கு இந்த ஒரு வரி எழுதத் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்பவர்கள் கடிதம் எழுதலாம்.

பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளை வைத்து இப்படி ஒன்றைப் பைத்தானில் எழுதிப் பார்க்க ஆசை. முப்பரிமாணக் கணக்கு கஷ்டமாக இருக்குமா? (ஆசிரியை, கோவை)

டீச்சர், கணக்கே கிடையாது என்று சொல்லலாம். இசட்எக்ஸ்81இல் இருந்த இசட்80 செயலிக்குப் பெருக்கல் என்று ஒரு கட்டளையே இல்லை. கூட்டலை வைத்துக்கொண்டுதான் ஒப்பேற்ற வேண்டும். அதில் ஓடிய விஷயம் என்றால் பிள்ளைகளுக்கும் வரும்.

கட்டம் போட்ட நோட்டில் ஒரு புதிர்வழி வரையச் சொல்லுங்கள். கட்டத்துக்கு ஓர் எண்: சுவர் என்றால் 1, பாதை என்றால் 0. ஆள் எந்தக் கட்டத்தில் நிற்கிறான், நான்கு திசையில் எதைப் பார்க்கிறான், இந்த இரண்டு தகவல் போதும். இப்போது அவன் கண் முன்னால் ஒவ்வொரு கட்டமாகப் போய்க்கொண்டே மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு இடது பக்கம் சுவரா? வலது பக்கம்? எனக்கு நேர் எதிரே?

திரையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சில சதுரங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தண்டவாளம் தூரத்தில் குறுகிப்போகிற மாதிரி. இடது பக்கம் சுவர் என்றால் வெளிச் சதுரத்தின் இடது ஓரத்தையும் அடுத்த சதுரத்தின் இடது ஓரத்தையும் சாய்கோட்டால் சேர்த்துவிடுங்கள். சுவர் இல்லை, சந்து திரும்புகிறது என்றால் சாய்வு வேண்டாம், உள் சதுரத்தின் உயரத்துக்கு நேர்க்கோடாக இழுத்தால் போதும், கண் அதைச் சந்து என்று தானே எடுத்துக்கொள்ளும். வலதுக்கும் அப்படியே. எதிரே சுவர் வந்தால் சதுரத்தை அடைத்துவிட்டு நிறுத்துங்கள், அதற்கப்பால் எதுவும் தெரியப்போவதில்லை. சதுரங்களின் அளவைக்கூட ஒவ்வொரு தடவையும் கணக்கிட வேண்டாம். இரண்டு மடங்கு தூரத்தில் பாதி, மூன்று மடங்கில் மூன்றில் ஒரு பங்கு என்று ஒரே ஒரு தடவை பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால் முடிந்தது.

இதில் ஒரு விலையும் உண்டு. இப்படிச் செய்தால் ஆள் கட்டத்துக்குக் கட்டம் தாவித்தான் போவான், திரும்பினால் டக்கென்று 90 பாகை திரும்புவான். அந்தக் காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். 1982இல் அட்டாரி வீட்டுக் கணினிக்கு பால் எடெல்ஸ்டீன் எழுதிய 'வேஅவுட்' அதை உடைத்தது, நம்மைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக எந்தக் கோணத்துக்கும் திரும்பலாம். 1.79 மெகாஹெர்ட்ஸ் செயலியில்! அதில் 'கிளெப்டாங்கிள்' என்று ஒரு ஜந்து வரும். கொல்லாது, அடிக்காது. உங்கள் வரைபடத்தையும் திசைகாட்டியையும் திருடிக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் விளையாட்டுக்கு வில்லன் யோசிக்கும்போது இதைச் சொல்லுங்கள், துப்பாக்கியைத் தவிர வேறு எதாவது தோன்றும்.

பழைய விளையாட்டுப் பெட்டிகளைச் சேர்க்கும் நண்பர் ஒருவர், பென்சிலில் வரைந்த வரைபடத் தாள் உள்ளே இருந்தால் விலை கூடுதலாகக் கொடுக்கலாம் என்கிறார். வேடிக்கையாக இல்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

நான் இருந்தால் நானும் கூடுதலாகத்தான் கொடுப்பேன். அந்தத் தாள்தான் விளையாட்டின் பாதி.

1981இல் ஆப்பிள் 2க்கு 'விசார்ட்ரி' என்ற புதிர்வழி விளையாட்டு வந்தது. எழுதியவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பர்க், ராபர்ட் வுட்ஹெட். 10 அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் 20க்கு 20 கட்டம். திரையில் வரைபடம் எதுவும் வராது. நீங்கள்தான் வரைபடத் தாளில் ஒவ்வொரு கட்டமாக வரைந்துகொண்டே போக வேண்டும். எழுதியவர்களுக்கும் இது தெரியும், அதனால் உங்கள் பென்சிலோடுதான் அவர்கள் சண்டையே. ஒரு கட்டத்தில் காலை வைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் உங்களைத் திருப்பி நிறுத்திவிடும். எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருப்பதால் திரும்பியதே தெரியாது, வடக்கு என்று நினைத்து மேற்கை வரைந்துகொண்டிருப்பீர்கள். இன்னொரு கட்டம் வேறு இடத்துக்கே தூக்கிப்போடும். எதுவுமே தெரியாத இருட்டுப் பகுதியும் உண்டு. தாளில் இரண்டு பாதை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, 'இது நடக்கவே முடியாதே' என்று அழிப்பான் தேடுகிற நேரத்தில்தான் எங்கேயோ ஏமாந்தோம் என்று உறைக்கும். எங்கே நிற்கிறோம் என்று சொல்ல ஒரு மந்திரம் உண்டு, ஆனால் மந்திரத்துக்கு அளவும் உண்டு. அதைச் செலவழித்துவிட்டால் சண்டை வரும்போது என்ன செய்வீர்கள்? உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யுவின் நிலைதான்.

அந்தத் தாளில் அழித்து அழித்து ஓட்டை விழுந்த இடம் ஒன்று இருக்கும், பாருங்கள்.

உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடு இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படி விளையாடினார்கள்? (வாசகர், வேலூர்)

எண்ணாகக் காட்டியவர்கள் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது 'டன்ஜன்ஸ் ஆஃப் டாகராத்'. டேண்டி கலர் கணினிக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில், வெறும் 8 கே.பி. கார்ட்ரிட்ஜில் வந்தது. அதில் எண் கிடையாது, இதயத் துடிப்புதான். லப் டப் என்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓடினால் வேகம் கூடும், கத்தி வீசினால் கூடும், அடிபட்டால் இன்னும் கூடும். எல்லை மீறினால் திரை மங்கி மயங்கி விழுவீர்கள், விழுந்து கிடக்கும்போது பக்கத்தில் எதாவது இருந்தால் தொலைந்தீர்கள். அடிக்க வேண்டும், திரும்ப வேண்டும் என்பதை எல்லாம் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது வேறு. துடிப்பு ஏற ஏற எழுத்துப் பிழையும் ஏறும்.

இதெல்லாம் தனியாக விளையாடுவதுதானா? நாலு பேர் சேர்ந்து? (வாசகர், சென்னை)

நாலு என்ன, 16. 1987இல் அட்டாரி எஸ்டிக்கு வந்த 'மிடி மேஸ்'. அந்தக் கணினியில் சிந்தசைசர், கீபோர்டு இணைக்கிற மிடி துளைகள் கூடவே வரும். இசைக்காக வைத்த துளையில் கணினிக்குக் கணினி கேபிள் போட்டு வட்டமாக இணைத்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் உருண்டையான சிரித்த முகமாகப் புதிர்வழிக்குள் அலைந்து அடுத்த முகத்தைச் சுடலாம். வட்டத்தில் ஒரு கேபிள் கழன்றால் எல்லோருக்கும் ஆட்டம் போச்சு. கூடியவர்களில் தோற்கிற ஆளின் கால் எப்போதும் கேபிள் பக்கமே இருந்திருக்கும் என்பது என் யூகம்.

நம் ஊருக்கு இந்தக் கணினிகள் வந்ததா? (வாசகர், திருச்சி)

கொஞ்சம் வந்தது. மத்திய அரசு 1984இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் வந்தவை இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஏசி அறை ஞாபகம் இருப்பவர்கள் அந்தத் தலைமுறைதான். இசட்எக்ஸ்81இன் தம்பியான ஸ்பெக்ட்ரத்தை புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் விற்றது. நான் படித்த பள்ளியிலும் ஒரு கணினி இருந்தது. துணி போட்டு மூடி, சரஸ்வதி பூஜைக்கு மட்டும் திறந்து பொட்டு வைத்தார்கள். பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் காத்திருக்கும்போது, யாரும் உட்காராத கணினியில் செங்கல் சுவருக்குள் தானாக நடந்துபோகுமே, அதுவும் இந்த வகைதானா? அது வழி தெரிந்துதான் நடந்ததா? (வாசகி, ஈரோடு)

விண்டோஸோடு வந்த '3டி மேஸ்' ஸ்கிரீன்சேவர். அதே குடும்பம்தான், விளையாட முடியாத விளையாட்டு. ஐந்து நிமிடம் யாரும் தொடாத கணினிதான் அதை விளையாடும். நானும் என் முறை வந்தும் எழுந்து போகாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வழி தெரியாது அதற்கு. சுவரைத் தடவிக்கொண்டே போகும், அவ்வளவுதான். கரண்ட் போன வீட்டில் நாம் செய்வது. வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, கையை எடுக்காமல் நடந்தால், சுவர்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற புதிர்வழியில் எப்படியும் வாசலுக்கு வந்துவிடலாம். முட்டுச்சந்துக்குள் எல்லாம் போய் வர வேண்டியிருக்கும், நேரம் ஆகும், ஆனால் தப்பாது. நடுவில் தூண் மாதிரி தனியாக நிற்கிற சுவர் இருந்து, அதில் கையை வைத்துத் தொடங்கினீர்கள் என்றால் மட்டும் அதையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள், சாமி சுற்றுகிற மாதிரி. முதன்முதலில் தொட்ட இடத்துக்கே திரும்ப வந்துவிட்டோம் என்று தெரிந்தால் கையை எடுத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பிடிக்க வேண்டும். டைனோசர் பின்னால் வருகிறபோது இந்தப் பொறுமை யாருக்கு இருக்கும் என்று கேட்காதீர்கள், எனக்கு இருந்ததில்லை.

சுற்றிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு எலி போகும். சாம்பல் நிறக் கல் ஒன்றில் முட்டினால் எல்லாம் தலைகீழாகிக் கூரையில் நடக்க ஆரம்பிக்கும். கடைசியில் ஒரு சிரித்த முகம் மிதந்துகொண்டிருக்கும், அதைத் தொட்டால் முடிந்தது. அடுத்த நொடி புதுசாக வேறொரு புதிர்வழி எழும்பும், மறுபடி நடக்கும். அதற்குள் கடைக்காரர் வந்து மவுஸை ஆட்டிவிட்டு, "நீங்கதானே அடுத்தது?" என்பார்.